பீடித்தட்டு வாசம்

ஏலே ராசா,

நேற்று ராத்திரி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். ஆபீஸ் வாசலில் உன்கூட வேலை பார்க்கிற ஆள் ஒரு பையைப் பிரித்துப் புகையிலையை எடுத்துத் தாளில் வைத்துச் சுற்றினாராம், பற்றவைக்கக்கூட இல்லையாம், அதற்குள் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம், "எனக்கு என்னமும் ஆயிட்டாம்மா?" என்று கேட்கிறாய். ஒன்றும் ஆகவில்லை. ஜெர்மனியில் நிற்கும்போது நம்ம ஊர் முக்கூடல் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

நீ பிறந்து நாற்பது நாள் கழிந்ததுமே மறுபடி தட்டை மடியில் வைத்தேன். தொட்டில் கயிறு கால் கட்டைவிரலில், கை இரண்டும் பீடியில். ராத்திரி நனைத்துச் சாக்கில் சுற்றிவைத்த இலையைக் காலையில் கத்தரியால் வெட்டும்போது ஒரு பச்சை வாசம் வருமாம், அப்புறம் புகையிலைத் தூள் வாசம், இரண்டும் சேர்ந்துதான் அம்மா என்று நீயே ஒருதரம் சொல்லியிருக்கிறாய். பச்சைப் பிள்ளையை அந்தத் தூசிக்குப் பக்கத்தில் போட்டது தப்புதான், அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் மெசேஜைக் கேட்டதும் மேலத்தெருவில் நர்ஸிங் படிக்கிற பிள்ளையிடம் கேட்டேன். அது நல்லா விளங்கச் சொன்னது. கண்ணில் படுவது, காதில் விழுவது எல்லாம் மூளையில் தலாமஸ் என்று ஒரு இடத்தில் இறங்கி மாறித்தான் மற்ற இடங்களுக்குப் போகுமாம், நம்ம ஜங்ஷனில் இறங்கி வேறு பஸ் பிடிக்கிற மாதிரி. வாசனைக்கு மட்டும் அந்த ஜங்ஷன் கிடையாதாம். மூக்கிலிருந்து நேரே, பயமும் பாசமும் கிளம்புகிற அமிக்டலாவுக்குப் போய்விடும், ஞாபகத்தைச் சேர்த்துவைக்கிற ஹிப்போகேம்பஸும் அதற்கு அடுத்த வீடுதான். அதனால்தான் இது என்ன வாசம் என்று பேர் வருவதற்கு முன்னாலேயே அழுகை வந்துவிடுகிறது. அதிலும் பத்து வயசுக்குள் பதிந்ததைத்தான் வாசம் அதிகமாகக் கிளப்புமாம். மூக்கில் வாசனை பிடிக்கிற வாங்கிகள் மட்டும் ஏறக்குறைய 400 வகை இருக்காம். அந்த வாங்கிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்த ரிச்சர்ட் ஆக்சலுக்கும் லிண்டா பக்குக்கும் 2004-இல் நோபல் கொடுத்தார்களாம்.

ஆனால் இதே வாசத்துக்காகத்தான் எட்டாம் வகுப்பில் நீ உன் யூனிபாரத்தை நான் பீடி சுற்றுகிற அறையில் காயப்போடாதே என்று சண்டை போட்டாய். பள்ளிக்கூடத்தில் யாரோ சட்டையை மோந்து பார்த்துச் சிரித்திருக்கிறான். நோட்டுப் புத்தகத்தை எல்லாம் அடுப்படிப் பரணில் கொண்டுபோய் வைத்தாய், மசால் வாசம் பரவாயில்லை என்று. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரம் சுற்றினால்தான் உன் பீஸ். ஆனாலும் உன்னைத் திட்டவில்லை, ஏனென்றால் நீ சொன்ன அந்த வாசம் என்னவென்றே எனக்குத் தெரியாது. சேலையை மோந்து பார்ப்பேன், ஒன்றும் இருக்காது. நாள் முழுக்க அதிலேயே இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுக்காதாம், இதையும் அந்தப் பிள்ளைதான் சொன்னது.

அதனால் ஒரு புகையிலைப் பொட்டலம் வாங்கி மேஜையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். தினமும் மோந்தால் பழகிப்போய், அது உன் ஆபீஸ் ரூம் வாசமாகிவிடும். அப்புறம் பற்றவைக்கவும் தோணும், அது தனிச் சண்டை.

நான் தட்டை இறக்கிவைத்து இரண்டு வருஷம் ஆகிறது. போன மாசம் ரேஷன் வாங்கிவிட்டு வரும்போது ஒரு திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். குப்பென்று ஏறியது பார், முப்பது வருஷம் மடியில் கிடந்த சாமான் அன்றைக்குத்தான் என் மூக்குக்குத் தெரிந்தது. கடையில் கழித்துப் போட்ட பீடிக் கட்டுகளோ, கணக்குச் சண்டையோ ஞாபகம் வரவில்லை. நீ என் முதுகில் சாய்ந்து வாய்ப்பாடு சொன்னதுதான் வந்தது, ஏழெட்டில் தடுக்கி, ஐம்பத்திநாலா ஐம்பத்தாறா என்று என் தோளைச் சுரண்டுவாயே, அது. அரிசிப் பையை இறக்கிவைத்துவிட்டு அந்தத் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மதினி?" என்றார்கள். முதுகு வலி என்றேன்.

அம்மா