குடிநோயாளர் கூட்டத்துக்கும் ஒரு வரி இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையில் வரும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியை விடாமல் படிப்பவள் நான். திருவாசக முற்றோதல், பட்டிமன்றம், கண் சிகிச்சை முகாம் எல்லாம் எங்கே, எத்தனை மணிக்கு என்று அதில் இருக்கும். குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தை மட்டும் அதில் ஒருநாளும் பார்த்ததில்லை.

என் கணவர் பத்தொன்பது வருடம் குடித்தவர். ஆரம்பத்தில் கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் தொடமாட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குக் கிளம்பிவிடுவார். கோயிலில் கயிறு கட்டியும் பார்த்தோம். பிற்பாடு மாலை போடுவதும் நின்றுபோனது. போன வருடம் என்னோடு சண்டை போட்டு, வீம்புக்குத் தானாகவே நிறுத்தினார். மூன்றாம் நாள் ராத்திரி தம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று துண்டால் தட்டிக்கொண்டே இருந்தார். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் டாக்டர் துணையில்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே 'ஏ.ஏ. மீட்டிங் போகவும்' என்று ஒரு வரி. எங்கே, என்றைக்கு என்று கேட்டேன். எழுதிய டாக்டருக்கே தெரியவில்லை.

நெட்டில் கிடைத்த ஒரு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு முகவரியைத் தேடிப் போனால், "அவங்க போன வருஷமே வேற எடத்துக்கு மாறிட்டாங்கக்கா" என்றார் வாட்ச்மேன். எந்த இடம் என்று அவருக்கும் தெரியவில்லை. 2003-லிருந்து அரசாங்கமே நடத்துகிற கடையைத் தெருவில் போகிற யாரிடமும் கேட்டுவிடலாம், கை காட்டிவிடுவார்கள். இந்தக் கூட்டம் எங்கே என்று வாய்விட்டுக் கேட்கவே கூச்சமாக இருந்தது. கடைசியில் வழி சொன்னது ஆஸ்பத்திரியில் என் கணவர் இருந்த வார்டைப் பெருக்குகிற அக்கா. அவருடைய தம்பி அங்கே போய் வருகிறாராம். இப்படிக் கண்டுபிடிக்க 23 நாள் ஆனது. அதில் 16-ஆம் நாள் என் கணவர் மறுபடி குடித்துவிட்டார்.

கூட்டம் நடந்தது ஒரு ஆரம்பப் பள்ளியில், மூன்றாம் வகுப்பு அறையில். கரும்பலகையில் அழிக்காத வகுத்தல் கணக்கு. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க, பெரிய பெரிய ஆண்கள் பதிமூன்று பேர். ஒருவர் செக்யூரிட்டி சட்டையோடு டியூட்டியிலிருந்து நேராக வந்திருந்தார். ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று பேச ஆரம்பிக்கிறார்கள். அறிவுரை கிடையாது, கட்டணம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். கடைசியில் ஒரு பை சுற்றி வரும். உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். வெளியாரிடம் காசு வாங்குவதில்லை. அன்று 'திறந்த கூட்டம்' என்பதால் என்னையும் உட்கார விட்டார்கள். "நான் என்ன குடிகாரனா?" என்று வழியெல்லாம் முணுமுணுத்து வந்தவர், ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. டீ வந்த பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "உங்களுக்கும் எறும்பு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

இதிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரையும் கவுன்சலிங்கும் இன்னும் தொடர்கின்றன. நடுவில் ஒருமுறை சறுக்கவும் செய்தார். ஆனால் மறுநாள் அவராகவே ஒருவருக்குப் போன் செய்தார். முன்பெல்லாம் அப்படிச் செய்ய அவருக்கு ஆளே இல்லை.

வருகிறவர்களின் பெயரை வெளியே சொல்லாமல் நடக்கிற கூட்டத்தைப் பேப்பரில் எப்படிப் போடுவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவர்களிடம் கேட்டேன். யாருடைய பெயரும் படமும்தான் வரக்கூடாதாம். இடமும் நேரமும் ரகசியமில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது இது. ஒரு குடிநோயாளி இன்னொருவரைத் தேடிப் போனதில் ஆரம்பித்த விஷயத்தை இங்கே தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் எப்படி?

வாரம் ஒரு முறை போட்டாலும் போதும். கிழமை, நேரம், திறந்த கூட்டமா இல்லையா, பக்கத்து பஸ் ஸ்டாப்பின் பெயர். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம் நம் ஊரில் நடந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இன்னும் அதைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கூட்டம் நடக்கும் இடம் அடிக்கடி மாறும், அதனால் மாதம் ஒரு முறை போன் செய்து சரிபார்க்க வேண்டியிருக்கும். கூடவே 14446 என்ற போதை மீட்பு இலவச உதவி எண்ணையும் போடுங்கள். அதுவும் அந்த 23 நாளில் எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகி,
மதுரை