அக்காவுக்கு, கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பற்றி

அக்கா,

அத்தான் போய் நாளையோடு ஒரு வருஷம். இதைப் போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அத்தான் குடும்பத்துப் பிள்ளைகள் இதை மொழிபெயர்ப்பில் போட்டுப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே குடும்பப் பெயர் வராது. இங்கிலாந்தில், அவர்கள் ஊரான ஓல்டாமில், தெருவுக்குப் பத்து வீட்டில் இருக்கிற பெயர்தான், இருந்தாலும் வேண்டாம்.

ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்பாய். தப்பையும் ஊரறியத்தானே போட்டேன். நான் இணையத்தில் ஏற்றிய வம்ச மரத்தை ஆறு பேர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். இப்போது யார் தேடினாலும் ஆறு மரம் ஒரே பதிலைச் சொல்கிறது, அதையே சாட்சி என்று நம்பிவிடுகிறார்கள்.

நீ சட்டம் போட்டு மாட்டியிருக்கும் மரத்தில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அத்தானுடைய தாத்தாவின் அப்பா, அம்மா என்று நான் எழுதியிருப்பவர்கள் உண்மையில் அந்தத் தாத்தாவுக்கே தாத்தாவும் பாட்டியும்.

தப்பு நடந்த இடம் 1901 சென்சஸ். மார்ச் 31 இரவு வீட்டில் இருந்தவர்கள் பட்டியலில் பையனுக்கு, அதாவது அத்தானின் தாத்தாவுக்கு, வயது 11, உறவு ‘சன்’. அம்மாவுக்கு 58. பிள்ளை பிறந்தபோது அவளுக்கு 47 என்று விரல் விட்டு எண்ணியிருந்தாலே நின்றிருப்பேன். நீ அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்குள் வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாய், நான் பிறப்புச் சான்றை வாங்காமலே மரத்தை முடித்தேன். அவசரம் உன்னுடையது, சோம்பல் என்னுடையது.

பிறகு உறுத்தல் தாங்காமல் 1891-ஐப் பார்த்தேன். அதே வீடு, அதே ஆட்கள், பையனுக்கு ஒரு வயது. உறவு ‘கிராண்ட்சன்’. பத்து வருஷத்தில் பேரன் மகனாகிவிட்டான். இது அதிசயமில்லை. வீட்டில் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள், யாரும் ஆதாரம் கேட்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் அந்த வீட்டின் கதை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு சென்சஸை மட்டும் வைத்து மரம் போடக் கூடாது.

அடுத்து பிறப்பு அட்டவணை. 1889 டிசம்பரில் பிறந்தவரை 1889-இன் கடைசிக் காலாண்டில் தேடினேன், இல்லை. அட்டவணை பிறந்த தேதிப்படி அல்ல, பதிந்த தேதிப்படி. பதிய 42 நாள் அவகாசம் உண்டு. அடுத்த காலாண்டில், அதாவது 1890 ஜனவரி-மார்ச்சில், ஓல்டாம், தொகுதி 8டி என்று நின்றது. பழைய அச்சு அட்டவணையில் அம்மாவின் பிறந்தவீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜிஆர்ஓ, அதாவது இங்கிலாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகம், தன் தளத்தில் புதிதாகத் தயாரித்த அட்டவணையில் 1837 முதலே உண்டு. இவருக்கு அந்த இடத்தில் ஒரு சிறு கோடு. கல்யாணமாகாத அம்மா என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

சான்றின் நகலை வாங்கினேன். நான்காவது கட்டம் அப்பா பெயர், ஆறாவது அவர் தொழில், இரண்டிலும் கோடு. ஐந்தாவதில் அம்மா. மரத்தில் நான் பையனின் ‘அக்கா’ என்று ஓரமாகப் போட்டிருந்த பெண். சென்சஸ் கணக்குப்படி அப்போது அவளுக்கு 19. தொழில் ஃப்ரேம் டென்ட்டர், பஞ்சாலையில் இயந்திரம் பார்க்கிறவள், நம் கோவை மில்களில் சிம்ப்ளக்ஸ் பார்க்கிறவர்கள் செய்யும் வேலைக்குப் பக்கத்து வேலை. அந்தக் கோட்டைப் பார்த்து அவளைப் பற்றி யாரும் எதுவும் முடிவு செய்ய வேண்டாம். 1875-க்குப் பிறகு, கல்யாணம் ஆகாத பட்சத்தில், ஆண் கூடவே வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயரை எழுதலாம் என்று இருந்தது. அவளுக்குப் பெயர் தெரியாது என்று கோடு சொல்லவில்லை. அவன் வரவில்லை என்றுதான் சொல்கிறது.

இன்னும் சந்தேகம் இருந்தால் 1911. அந்தத் தாளைக் குடும்பத் தலைவரே தன் கையால் நிரப்ப வேண்டும். கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்தவை எத்தனை, இருப்பவை, இறந்தவை என்று கேட்டிருந்தார்கள். கிழவர் 48 வருஷம், ஒன்பது, ஐந்து, நான்கு என்று எழுதியிருக்கிறார். ஜிஆர்ஓ அட்டவணையில் அவர் பெயரும் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரும் சேர்ந்து வருகிற பிறப்புகளை எண்ணினேன். ஒரு பெயர் இரண்டு தரம் வந்தது. செத்த குழந்தையின் பெயரை அடுத்ததற்கு வைப்பார்கள், இறப்பு அட்டவணையில் வயது பூஜ்யம் என்று முதல் குழந்தை கிடைத்துவிட்டது. எல்லாம் சேர்த்துச் சரியாக ஒன்பது. பையன் அதில் இல்லை. ஊருக்கு மகன் என்று சொன்ன கிழவர், எண்ணிக்கையில் மட்டும் பொய் சொல்லவில்லை.

1913-இல் பையன் கல்யாணம் செய்தபோது பதிவேட்டில் அப்பா என்று கிழவர் பெயரையே கொடுத்திருக்கிறார். அதையும் யாரும் சரிபார்ப்பதில்லை. ஏமாந்தது நான் மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கல்யாணப் பதிவை எழுதுகிறேன், வேறெதற்கும் இல்லை.

இதெல்லாம் என் கைக்கு வந்த வாரமே உனக்குப் போன் செய்தேன். கூடத்தில் விருந்தாளிகள், பிறகு பேசுகிறேன் என்றாய். அந்தப் பிறகு வரவே இல்லை, அக்கா. நானும் மறுபடி கூப்பிடவில்லை. அதை உன் கணக்கில் எழுதுவதா என் கணக்கில் எழுதுவதா என்று இன்றுவரை தெரியவில்லை.

கிரீனேக்கர்ஸ் இடுகாட்டுக்குப் போனோமே, அந்த மார்ச். நீ காரிலேயே இருந்துவிட்டாய், அதனால் இது உனக்குத் தெரியாது. பையனைப் பெற்றவளுடையது பொதுக் குழி. அதாவது முன்பின் தெரியாத பலரை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த குழி, கல் கிடையாது. பதிவேட்டில் பிரிவும் குழி எண்ணும் மட்டும் இருக்கும். வரைபடத்தை வைத்து, பக்கத்து வரிசையில் எண் வெட்டிய கல்லைக் கண்டுபிடித்து, அங்கிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். அத்தான் எண்ணினார், நான் குடை பிடித்தேன். ஏழாவதில் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஷூ நுனியால் புல்லை ஒதுக்கினார். அடியில் மண்தான். “பாவம், இந்த அத்தைக்கிழவிக்கு யாருமே இல்லை” என்றார். அவர் தலையில் மழை விழுந்தது. குடையை அந்தப் பக்கம் சாய்த்தேன். நகல் என் சட்டைப் பையில் இருந்தது. அது அவருடைய அப்பாவைப் பெற்ற அப்பாவின் அம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. ஆலைக்காரக் குடும்பம், பெயர் கெடாத குடும்பம் என்று அவர் சொல்லிக்கொண்டதை நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய். எழுபது வயதில் அதை ஏன் பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்குப் பயமாகவும் இருந்தது. இரண்டும் உண்மை.

போன மாதம்தான் அவளுடைய இறப்புச் சான்றை வாங்கினேன். இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். நேர்வழி ஆட்களின் சான்றுக்கு மட்டும் பணம் கட்டுவது, ஓரத்து அத்தை மாமாவை விட்டுவிடுவது, இந்த வேலையில் எல்லோரும் செய்கிற கஞ்சத்தனம். 1921 சென்சஸில் அவள் பையனின் வீட்டில்தான் இருக்கிறாள், உறவு ‘சிஸ்டர்’. அந்த சென்சஸ் வேலை கொடுத்தவர் பெயரையும் கேட்கும், எந்த ஆலை என்பதுகூடத் தெரிந்துவிட்டது. அதற்கு மேல் சென்சஸ் கிடையாது. 1931-இன் தாள்கள் 1942-இல் தீயில் போய்விட்டன, 1941-இல் எடுக்கவே இல்லை. எனவே அவள் கதை 1921-இல் ‘சிஸ்டர்’ என்றே முடிந்ததாக நினைத்திருந்தேன்.

சான்று 1934-ஆம் வருஷத்தது. ஐந்தாவது கட்டத்தில் கல்யாணமாகாதவள், ஃப்ரேம் டென்ட்டர். ஆறாவதில் மார்ச்சளி நோய். ஏழாவதில் தகவல் சொன்னவர்: அத்தானின் தாத்தா பெயர், அதன் கீழே ‘சன்’, சாகும்போது கூட இருந்தவர். நாற்பத்து நான்கு வயதில், பதிவாளரின் மேசைக்கு முன்னால், தானாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். அத்தானின் அப்பாவுக்கும்தான். நான் யாரிடமிருந்து எதை மறைத்தேன் என்று இப்போது எனக்கே புரியவில்லை. அந்தக் குழியண்டை இந்தத் தாள் மட்டும் என் பையில் இருந்திருந்தால், யாருமே இல்லை என்று அவர் சொன்ன மறு நிமிஷம் நீட்டியிருப்பேன்.

அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடாக நிற்கும் ஆள் யார் என்பதைப் பற்றி ஒரு டிஎன்ஏ முடிவு வந்திருக்கிறது. உன் பிள்ளைகள் கேட்டால் நேரில் சொல்கிறேன், இங்கே இல்லை.

திருத்திய மரத்தைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், பழைய அளவுதான், ஏ3. சட்டத்தின் பின்பலகையை நான்கு சிறு ஆணிகள்தான் பிடித்திருக்கின்றன, வெண்ணெய்க் கத்தியால் நெம்பினால் வந்துவிடும். பழையதைக் கிழிக்காதே. அதன் பின்பக்கம் அத்தான் பென்சிலில் ஏதோ எழுதிவைத்தார், எனக்குக் காட்டவில்லை.

உன் தம்பி