நிவாரணத்தை மூட்டைக் கணக்கில் அளக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உள்நாட்டுப் போர்ப் பகுதிகளுக்குப் போகும் நிவாரணம் குறித்த உங்கள் தலையங்கம் எத்தனை லாரி போனது, எத்தனை டன் அரிசி இறங்கியது என்பதோடு நின்றுவிட்டது. அரிசி வந்து சேர்ந்த முகாமிலும் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் சாவது ஏன் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்று வைத்துத்தான் பங்கீடு போடுவது வழக்கம். தானியம் 400 கிராம், பருப்பு 60, சத்துமாவு 50, எண்ணெய் 25, சர்க்கரை 15, அயோடின் உப்பு 5. மொத்தம் 555 கிராம். 10,000 பேருக்கு ஒரு மாதத்துக்கு 167 டன்னுக்குள் அடங்கிவிடும். 20 டன் லாரி ஒன்பது போதும். அதே 10,000 பேருக்குத் தண்ணீர், ஆளுக்கு 15 லிட்டர் என்ற குறைந்தபட்சக் கணக்கிலேயே, ஒரு நாளைக்கு 1,50,000 லிட்டர் வேண்டும். 10,000 லிட்டர் டேங்கர் பதினைந்து, அதுவும் தினமும். சண்டை நடக்கும் சாலையில் இதெல்லாம் ஆகிற காரியமா? தண்ணீரை அங்கேயே இறைத்து அங்கேயே சுத்தப்படுத்துவதுதான் வழி. அதற்கு டீசல், பம்பின் உதிரிபாகங்கள், குளோரின் மூன்றும் வேண்டும். எதிரியின் வண்டிக்குப் போய்விடும், ஆயுதமாகிவிடும் என்று சொல்லிச் சோதனைச் சாவடியில் இறக்கி வைக்கப்படுபவையும் இவைதான்.

குளோரின் உள்ளே போனாலும் அளவு தவறுகிறது. வெயிலில் கிடந்த பிளீச்சிங் பவுடர் வீரியம் இழந்திருக்கும். டப்பாவில் அச்சிட்ட சதவீதத்தை நம்பிப் போட்டால் பலன் இருக்காது. நான்கு வாளிகளில் தலா 20 லிட்டர் எடுத்து, 1 சதவீதக் கரைசலை 2, 4, 6, 8 மில்லி என்று விட்டு, அரை மணி நேரம் கழித்துச் சோதிக்க வேண்டும். எந்த வாளியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்கிறதோ, அந்த விகிதம்தான் தொட்டிக்கும். கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும் என்பதால், முதலில் படிகாரம் போட்டுத் தெளிய விட வேண்டும்.

நிவாரணப் பொருள் சந்தையில் விற்கப்படுகிறது என்றும் குறைபட்டிருந்தீர்கள். முழுக் கோதுமையைக் கொடுத்தால் அரைவைக் கூலிக்கு ஒரு பங்கை விற்றாக வேண்டும். பருப்பை வேகவைக்க விறகு வாங்க வேண்டும். திருட்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு தாய் இரண்டு கிலோவை விற்பது அதில் சேராது.

போரில் பிடிபட்டவர்களை அடைத்திருக்கும் சிறைக்குள் போனால் மூட்டைக் கணக்கு இன்னும் ஏமாற்றும். பச்சரிசிச் சோறும் உப்புத் தண்ணீருமாக இரண்டு மூன்று மாதம் ஓடினால் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து பெரிபெரி வரும். கால் வீங்கும், நடை தள்ளாடும், பிறகு இதயம் நிற்கும். வயிறு நிரம்பத்தானே போடுகிறோம் என்பார் சிறை அதிகாரி, அதுவும் உண்மைதான். புழுங்கல் அரிசிக்கு மாற்றி, பருப்பைச் சேர்த்தால் இது வராமல் தடுக்கலாம். சிரங்கும் அப்படித்தான். சொறிகிறவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் சில வாரத்தில் திரும்பிவிடும்; அறையிலுள்ள எல்லோருக்கும் ஒரே நாளில் பூசி, துணி, போர்வைகளையும் வெந்நீரில் துவைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கைதிக்குத் தேவையான முதல் நிவாரணம் அவர் பெயர் பதிவாவது. முழுப் பெயர், சுருக்காமல் எழுதிய தந்தை பெயர், பிறந்த நாள், ஊர், பிடிபட்ட தேதி, இடம். எண்ணிட்டுப் பதிந்த ஆளைக் காணாமல் ஆக்குவது கடினம். பதிந்தவர்கள் அடுத்த முறை வந்து அதே எண்ணைச் சொல்லி, எங்கே என்று கேட்பார்கள். அதனால்தான் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு சிறைக்குள் போகுமுன் நிபந்தனை வைக்கிறது: எல்லாக் கைதிகளையும் எல்லா இடங்களையும் பார்க்க வேண்டும், தனியாகப் பேச வேண்டும், பெயர் பதிய வேண்டும், மறுபடி வர வேண்டும். ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு வந்தால் அன்றிரவு அடி அவருக்குத்தான். பலரிடம் பேசினால் யார் சொன்னது என்று தெரியாது.

கண்டதை அந்தக் குழு ஏன் வெளியே சொல்வதில்லை என்று கேட்டிருந்தீர்கள். அறிக்கை சிறை வைத்திருப்பவரிடமே போகிறது. வெளியே சொல்ல மாட்டோம் என்ற அந்த வாக்குறுதியால்தான் கதவு திறக்கிறது. போர்க்கால விதிகளான 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3வது பிரிவு, உள்நாட்டுப் போரில் அந்தக் குழு தன் சேவையை இரு தரப்புக்கும் முன்வைக்கலாம் என்கிறதே தவிர, கதவை உடைக்கச் சொல்லவில்லை. இதனால் எந்தத் தரப்பின் சட்ட நிலையும் மாறாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. கிளர்ச்சியாளருக்கு அங்கீகாரம் கொடுத்ததாகிவிடும் என்று அரசுகள் தயங்கும்போது காட்ட வேண்டிய வரி அது. உங்கள் தலையங்கத்தில் அந்த வரி இல்லை.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். வாகனத் தொடர் எந்தச் சாலையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதை அது போய்ச் சேர்ந்த பிறகு வெளியிடுங்கள். கைதிகளின் படம் கிடைத்தால் முகத்தை மறையுங்கள். அந்த முகத்தை வைத்து மறுதரப்பு அவர் வீட்டைத் தேடிப் போகும்.

இப்படிக்கு,
நிவாரணக் களப்பணியாளர்கள் சிலர்