கல்வெட்டு வாசிப்பு மன்றம்: செயலரின் ஆண்டறிக்கை

மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சோழர் காலத்திலிருந்து நாயக்கர் காலம் வரை ஊர்ச் சமூகம் எப்படி மாறியது என்பதே இவ்வாண்டு வகுப்புகளின் பொருள். பெரும்பகுதி நேரம் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயில் கோபுரத்தின் உட்புறமுள்ள ஒரே கல்வெட்டுக்குச் சென்றது; அதற்கு அத்தகுதி உண்டு. விசயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் காலத்தில் படைவீட்டு இராச்சியம் என்ற ஆட்சிப் பகுதியின் பிராமணர்களான கன்னடிகர், தமிழர், தெலுங்கர், இலாளர் (லாட நாட்டார்) ஆகியோர் கூடிச் செய்த உடன்படிக்கை அது. இனி மணம் கன்னியாதானமாகவே, அதாவது பொன் பெறாமல் மகளைத் தானமாகத் தருவதாகவே, நடக்க வேண்டும். பொன் வாங்கிப் பெண் கொடுத்தாலும் பொன் கொடுத்துப் பெண் எடுத்தாலும் அரச தண்டனை, கூடவே சாதிவிலக்கு. பெண் வீட்டார் பொன் வாங்கும் வழக்கம் பரவலாக இருந்திராவிட்டால் இவ்வளவு கடுமையான தடை எதற்கு?

இதை 921ஆம் ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டோடு சேர்த்துப் படித்தோம். கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரிநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது என்று வாரிய உறுப்பினர் தேர்வுக்கு அங்கே விதி வகுப்பது ஓர் ஊரின் சபை. விரிஞ்சிபுரத்திலோ ஊர் எல்லை கடந்து, மொழி கடந்து, ஒரு சாதியார் தமக்கே விதி வகுக்கிறார்கள். 1429இல் திருவைகாவூரில் வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுதிகளின் 98, 98 பிரிவினரும் ஒன்றுகூடி வரிக்கொடுமையை எதிர்த்ததும் இவ்வகைத் திரட்சியே. எங்கள் பார்வையில் இக்காலத்தின் முதன்மையான மாற்றம் இதுதான்.

காலக்கணிப்பில் பலரும் தடுமாறினர். விரிஞ்சிபுரக் கல்வெட்டு சக ஆண்டு 1347, அறுபதாண்டுச் சுழற்சியில் விசுவாவசு, பங்குனி மாதம். கி.பி. ஆண்டு காண 78 கூட்டினால் 1425. ஆனால் சனவரி முதல் பங்குனி முடிய வரும் நாட்களுக்கு 79 கூட்ட வேண்டும் என்பதால் 1426 என்பதே சரி. சில கல்வெட்டுகள் நடந்துகொண்டிருக்கும் ஆண்டின் எண்ணையும் சில முடிந்துபோன ஆண்டின் எண்ணையும் குறிப்பதால், அறுபதாண்டுப் பெயரோடு ஒத்துப்பார்க்காமல் எழுதக் கூடாது.

படியெடுக்கும் பயிற்சியில் கல்லை நீர்விட்டுத் தேய்த்து, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் எழுத்துப் பள்ளங்களில் இறங்கும்படி தட்டி, பாதி காய்ந்ததும் மை ஒற்றினோம். ஈரம் மிகுந்தால் மை தாளை ஊடுருவிக் கல்லில் படும். வெயிலில் விட்டால் தாள் தானே எழும்பிவிடும். பள்ளத்தில் சுண்ணாம்பு தங்கினால் எழுத்து தவறாகத் தெரியும்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். திருப்பணியில் மணலை விசையோடு பீய்ச்சும் மணல்வீச்சு முறையால் சுவர் துடைப்பதைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். உளி எழுத்தின் விளிம்பு அதில் மழுங்கினால் பின்பு எந்தப் படியிலும் அது ஏறாது.

செயலர்