பேரனைப் பள்ளியில் சேர்ப்பது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

உன் மெயில் வந்தது. பேரனைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துச் சொல்லித் தரலாமா என்று நீயும் மாப்பிள்ளையும் யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். "எழுத்தும் கணக்கும் நாங்களே சொல்லித் தர மாட்டோமா, மிச்சத்துக்கு இன்டர்நெட் இருக்கிறதே" என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் சொல்லித் தரலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எழுத்தும் கணக்கும் போக, படிப்பு ஒரு பிள்ளைக்குள் வேறு சில வேலைகளையும் பார்க்கிறது. அதை யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பயிற்சி வகுப்பில் நாங்கள் படித்த ஒரு விஷயம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. 1931-32இல் அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தானின் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்கூடமே பார்க்காத விவசாயிகளிடம் ஒரு கேள்வி போட்டார். தூர வடக்கில், பனி கிடக்கும் இடத்தில் கரடிகளெல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா என்ற தீவுக்கூட்டம் தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பெரும்பாலும் வந்த பதில் இந்த மாதிரிதான்: "நான் அங்கே போனதில்லை, பார்க்காததை எப்படிச் சொல்வது?" கொஞ்ச காலம் வகுப்புக்குப் போய் வந்தவர்களோ தயங்காமல் வெள்ளை என்றார்கள்.

அந்த விவசாயிகளுக்கு அறிவில்லை என்று சொல்ல வரவில்லை. நிலத்தையும் பயிரையும் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்பதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. (வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அனுப்பி வைக்கும் உன் சித்தப்பாவுக்கு அதில் கொஞ்சம் இருந்தால் தேவலை.) ஆனால் தான் கண்டதையும் தனக்கு நடந்ததையும் தாண்டி, இது இப்படியென்றால் அது அப்படித்தானே இருக்க வேண்டும் என்று யோசிக்கிற பழக்கம் வயசு ஏறினால் தானாக வருவதில்லை. யாரோ உட்கார வைத்துப் பழக்க வேண்டியிருக்கிறது.

இது புதிர் விடுவிப்பதோடு நிற்பதில்லை. 1970இலிருந்து 2009வரை 175 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்து, 2010இல் ஒரு மருத்துவ ஆய்வு வெளியானது. அந்தக் காலத்தில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 82 லட்சம் குறைந்திருந்தது. அதில் ஏறக்குறைய 42 லட்சம், அதாவது பாதிக்கும் மேலே, பெண்கள் கூடுதலாகப் படித்ததால் வந்த பலன் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அந்தப் பெண்கள் எல்லாரும் டாக்டருக்குப் படித்தவர்களா என்ன? கண்ணுக்குத் தெரியாத கிருமியை நம்பிக் கையைக் கழுவவும், இன்றைக்கு வராத நோய்க்கு இன்றைக்கே ஊசி போடவும், மருந்துச் சீட்டில் புரியாததை எதிர்த்துக் கேட்கவும் படிப்பு ஒரு தைரியத்தைக் கொடுக்கிறது. நான் இதை அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சரி, இதையெல்லாம் வீட்டிலேயே பழக்கலாமே என்பாய். இதுவரை சொன்னதைப் பழக்கலாம். வீட்டில் கஷ்டமான பகுதி இனிமேல்தான் வருகிறது.

1971இல் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்து வந்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகன் வம்சாவளிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். ஒரே சண்டை. எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரை உதவிக்குக் கூப்பிட்டார்கள். அவர் வகுப்பில் பார்த்தது நமக்கும் பழக்கமான காட்சிதான். டீச்சர் கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த சிலர் கையைத் தூக்கிக்கொண்டு துடிக்கிறார்கள். ஒருவன் சரியாகச் சொல்லிவிட்டால் மற்றவர்களின் முகம் தொங்கிப்போகிறது. தெரியாத பிள்ளைகள் டீச்சர் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கிறார்கள். அடுத்தவன் தப்பாகச் சொன்னால்தான் தனக்கு வாய்ப்பு என்று பிள்ளைகள் தினமும் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஒற்றுமையாக இருங்கள் என்று ஆரன்சன் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. பாடத்தைத் துண்டு போட்டார். ஐந்தாறு பேர் ஒரு குழு. ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை பாடம் என்றால், அவருடைய சிறுவயது ஒருத்தியிடம், நடுவயது ஒருவனிடம் என்று ஆளுக்கு ஒரு பகுதி. அவரவர் பகுதியை அவரவர்தான் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பரீட்சையோ முழுப் பாடத்துக்கும். ஒரு குழுவில், வீட்டில் ஆங்கிலம் பேசாத ஒரு பையன். அவன் திக்கித் திணறிச் சொல்ல ஆரம்பித்ததும் மற்றவர்கள் கேலி செய்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உதவியாளர் கோபப்படவில்லை. கேலி செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள், ஆனால் அவனிடம் இருக்கும் பகுதி உங்களுக்குக் கிடைக்காது, பரீட்சை சீக்கிரம் வருகிறது என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகள் அவனிடம் பொறுமையாக, நல்ல கேள்வியாகக் கேட்கப் பழகிக்கொண்டார்கள். கேள்வி நன்றாக வந்ததும் அவனுக்குப் பதிலும் நன்றாக வந்தது. இவன் மக்கு இல்லையே என்று அவர்களுக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. இந்த முறையில் படித்த வகுப்புகளில் வெறுப்பு குறைந்தது, பிள்ளைகளுக்குத் தங்கள் மேலேயே மதிப்பு கூடியது.

தனிமனித வளர்ச்சி, சமூக வளர்ச்சி என்று மேடையில் இரண்டு தலைப்பாகப் பேசுவார்கள். அந்தப் பையன் விஷயத்தில் எது தனிமனித வளர்ச்சி, எது சமூக வளர்ச்சி என்று பிரித்துக் காட்டச் சொல் பார்க்கலாம். மற்றவர்கள் கேட்கக் கற்றதால் அவன் பேசக் கற்றான்.

உன் வகுப்பில் உன் பக்கத்தில் உட்கார்ந்தாளே, உன் ரப்பரையெல்லாம் கடித்து வைப்பாளே, அவளை உனக்குக் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை. வருஷம் முழுக்க வீட்டுக்கு வந்து புலம்புவாய். ஆனாலும் அவளோடு சேர்ந்து அந்த எரிமலை மாதிரியைச் செய்து கொண்டுபோய் வைத்தாய். பிடிக்காத ஒருத்தியோடு ஒரு வேலையை முடிக்க நான் உனக்குச் சொல்லித் தந்திருக்க முடியாது. வீட்டில் உனக்குப் பிடிக்காதவர்கள் யாரும் இல்லையே.

1996இல் யுனெஸ்கோவுக்காக ஒரு குழு கொடுத்த அறிக்கையில் கல்விக்கு நாலு தூண்கள் சொன்னார்கள்: அறியக் கற்பது, செய்யக் கற்பது, சேர்ந்து வாழக் கற்பது, தானாக இருக்கக் கற்பது. மூன்றாவதை மட்டும் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு முழுசாகக் கற்க முடியாது.

மார்க்குக்காக மட்டும் பள்ளி என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962இல் ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு ஆரம்பித்தது. மூன்று நான்கு வயதில் அவர்களில் 58 பேரை மட்டும் ஒரு நல்ல மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். குழந்தை முதலில் தான் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லும், பிறகு செய்யும், முடித்ததும் என்ன ஆயிற்று என்று சொல்லும். ஐ.க்யூ. கொஞ்சம் ஏறியது, சில வருஷத்தில் அந்த ஏற்றம் மறைந்தும் போனது. பணம் வீண் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, மற்றவர்களைவிட அந்த மழலையர் பள்ளிக்குப் போனவர்களில் படிப்பை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீஸ் கைது குறைவு. முரட்டுத்தனம் குறைந்தது, படிப்பில் ஆர்வம் கூடியது, இவைதான் பெரும்பாலும் தங்கியிருக்கின்றன என்று பொருளாதார அறிஞர்கள் பின்னால் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே டீச்சர்கள் வாராவாரம் வீட்டுக்கும் போய்த் தாயோடு உட்கார்ந்து பேசினார்கள். ஆகவே பள்ளியில் தள்ளிவிட்டால் முடிந்தது என்று நான் சொல்லவில்லை.

பள்ளியில் பிள்ளையை அவமானப்படுத்துவார்களோ, அடிப்பார்களோ என்று நீ பயந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது. ரேங்க் போட்டு அவமானப்படுத்தும் பள்ளி, அடிக்கும் பள்ளி என்றால் வீடே மேல். ஒரு வயிற்றுப் பிள்ளைகளிலும் கற்றவன் பக்கம்தான் தாயின் மனமும் சாயும் என்று சங்கப் பாட்டு ஒன்றில் ஒரு பாண்டியன் சொல்கிறான். எந்தத் தாயைக் கேட்டானோ! உன்னையும் உன் தம்பியையும் நான் மார்க் வைத்துப் பார்த்ததில்லை. பேரனையும் நீ அப்படிப் பார்க்காதே. கெட்டிக்காரன் என்று எதற்கெடுத்தாலும் புகழவும் செய்யாதே. 1998இல் வந்த ஓர் ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் அடுத்து சுலபமான புதிரையே கேட்டார்கள், தோற்றபோது சிலர் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லியும் வைத்தார்கள். நன்றாக முயற்சி செய்தாய் என்று கேட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் கஷ்டமானதைக் கேட்டு வாங்கினார்கள்.

வீடுதான் என்று முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவன் வாரத்தில் பல நாள் நாலைந்து பிள்ளைகளோடு சேர்ந்து ஏதாவது செய்ய ஏற்பாடு செய். உன் தோழிகளின் பிள்ளைகள் மட்டும் போதாது.

பள்ளி என்றால், கட்டடத்தையும் கம்ப்யூட்டர் அறையையும் பார்த்து மயங்காதே. அனுமதி வாங்கி ஒரு வகுப்பின் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார். ஒரு பிள்ளை தப்பாகப் பதில் சொல்லும்போது டீச்சர் என்ன செய்கிறார், மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, இரண்டு பேரும் பார்த்தால் நல்லது. சேர்க்கைக்குக் கடைசித் தேதி எப்போது என்று நீ எழுதவே இல்லையே. அதைத் தெரிவி, அதற்கு முன்னால் ஒரு நாள் விலாவாரியாகப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா