வீலரும் சிவப்பு ஓடும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேறிவருகிறது என்று படித்ததில் நிம்மதி. இங்கே பேத்தி கல்லூரியில் வரலாறு எடுத்திருக்கிறாள். வீட்டில் அவள் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் சம்மதம். அவளைக் கூட்டிக்கொண்டு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் பழைய துறைமுக ஊர் இருந்த அரிக்கமேடு போய்வந்தேன். பார்க்க அதிகம் ஒன்றுமில்லை. தோப்பு, அரியாங்குப்பம் ஆறு, பழைய பிரெஞ்சுக் கட்டடத்தின் இடிந்த தூண்கள், அவ்வளவுதான்.

“மார்டிமர் வீலர் மாதிரி ஆள் இனிமேல் வரமாட்டார்” என்று எழுதியிருக்கிறாய். பாதி ஒத்துக்கொள்கிறேன். 1944இல் இங்கிலாந்திலிருந்து இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்த மனிதர், சென்னை அருங்காட்சியக அலமாரியில் அரிக்கமேட்டில் கிடைத்த ஒரு ரோமானிய ஆம்போரா சாடித் துண்டைப் பார்த்ததும் புதுச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். அங்கே இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்பு மட்கல ஓடுகள் இருந்தன. மறு வருஷமே அரிக்கமேட்டில் கரணை இறங்கிவிட்டது. சதுரம் சதுரமாகக் குழி போட்டு, நடுவே வெட்டாத மண்சுவரை விட்டு, அதில் தெரியும் அடுக்குகளை வரைந்துவைக்கும் ஒழுங்கை நம் ஆட்களுக்குப் பழக்கியது அவர்தான்.

ஆனால் அந்தச் சிவப்பு ஓடு அவர் கண்ணை மறைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் காலம் ரோமாபுரிக் கணக்கில் தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதி. அதை வைத்து, உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக்கோலம் போட்ட ரௌலட்டட் தட்டுகளுக்குக் காலம் சொன்னார். அந்தத் தட்டை வைத்து 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் பெருங்கற்கால ஈமக்குழிகளுக்கும் காலம் சொன்னார். ஒரு முளைக்குச்சியில் எத்தனை மாட்டைக் கட்டுவது, சொல்! பிரம்மகிரிக் கணக்கு பிற்பாடு நிற்கவில்லை. பெருங்கற்காலம் அவர் சொன்னதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது என்று ஆகிவிட்டது.

அரிக்கமேட்டுக் கணக்கைக் கேள்வி கேட்டவர் தொல்லியலாளர் விமலா பெக்லி. அவர் முதலில் மண்ணைத் தொடவே இல்லை. வீலர் வெளியிட்ட அடுக்கு வரைபடங்களையே திரும்ப வாசித்து 1983இல் கட்டுரை எழுதினார். 1989 முதல் 1992 வரை அங்கேயே தோண்டினார். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்திருக்கிறது, ரௌலட்டட் தட்டும் கி.மு. காலத்திலேயே புழங்கியிருக்கிறது. வீலர் நினைத்தபடி கி.பி. 200 வாக்கில் ஊர் முடிந்துவிடவும் இல்லை. சோழர் காசும் சீனப் பீங்கானும் மேலடுக்கில் கிடைத்திருக்கின்றன.

வீலர் அவ்வளவு ஒழுங்காக வரைந்து வைத்ததால்தான் பெக்லியால் மறுக்க முடிந்தது. இது உன் கட்சிக்குச் சாதகம்தான், எடுத்துக்கொள். இருந்தாலும் அந்த இடத்தை ‘ரோமானிய வணிகத் தலம்’ என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு எரிச்சல். அங்கே மணி செய்திருக்கிறார்கள் ஐயா! கண்ணாடியை உருக்கிக் குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி. சூதுபவளத்தில் ஓட்டை போட்டு. அந்தக் கைகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஓர் இத்தாலியத் தட்டு வந்ததற்கு இவ்வளவு மேளம்.

பேத்தி இதைக் கேட்டுவிட்டு, “தாத்தா, நீங்கள் வீலரோடு சண்டை போடுகிறீர்களா, முருகேசன் தாத்தாவோடா?” என்கிறாள்.

சரி, தை பிறந்ததும் கிளம்பி வா. மணிகள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, படியேறுவது உன்னால் முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே எழுது. தங்கைக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சேது