ஈறு வளர்ந்தால் மாத்திரையையும் விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் ஈறு வீக்கம் பற்றி வந்த கட்டுரை, சரியாகப் பல் துலக்காததும் வைட்டமின் சி குறைவும்தான் காரணம் என்று முடித்துவிட்டது. சில மருந்துகளாலும் ஈறு வளரும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

என் அண்ணனுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருக்கிறார்கள். உடம்பு அதை ஒதுக்காமல் இருக்க சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். சில மாதங்களில் முன்பற்களின் இடுக்கில் இருக்கும் முக்கோணச் சதை புடைக்கத் தொடங்கி, பல்லில் பாதியை மூடிவிட்டது. வலி கிடையாது. பார்த்தவர்கள் எல்லாம் "ஒழுங்கா பல் தேய்ங்க" என்றார்கள். இரண்டு வேளையும் தேய்க்கிற மனிதர், கூசிப்போனார். ஈறு சிகிச்சை மருத்துவர் ஒருவர்தான் "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

நான் உயிரியல் ஆசிரியை. விடாமல் படித்துப் பார்த்தேன். ஈறுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற நார்ப்புரதம். ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்தான் அதை உண்டாக்குகின்றன, பழையதை விழுங்கிச் செரிப்பதும் அவைதான். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், மாற்று உறுப்பைக் காக்கும் சைக்ளோஸ்போரின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபின், அம்லோடிபின் எல்லாம் வெவ்வேறு நோய்க்கான மருந்துகள். ஆனால் செல்லுக்குள் கால்சியத்தின் போக்குவரத்தை இவை எல்லாமே ஏதோ ஒரு வகையில் குலைக்கின்றன. அதனால் பழைய கொலாஜனை விழுங்குவதும், அதை வெட்டும் நொதிகளின் வேலையும் மந்தமாகிவிடுகின்றன என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். டிஜிஎஃப்-பீட்டா போன்ற வளர்ச்சிக் காரணிகளோ புது நார் உற்பத்தியைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. வரவு உண்டு, செலவு இல்லை, சதை ஏறுகிறது.

அழுக்குக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. பல்லில் படியும் கிருமிப் படலம் அழற்சியைக் கிளப்பி, வளர்ச்சியை இன்னும் மோசமாக்கும். ஆனால் ஒரே மருந்தைச் சாப்பிடும் எல்லோருக்கும் இது வருவதில்லை. ஃபெனிடாயின் எடுப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வருகிறது. அந்த மருந்து புழக்கத்துக்கு வந்த மறு வருடமே, 1939இல், இது பதிவாகிவிட்டது. இன்னுமா தெரியவில்லை?

சிறுநீரக மருத்துவர் அண்ணனுக்கு சைக்ளோஸ்போரினை நிறுத்தி, அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் என்ற மருந்தைக் கொடுத்தார். பற்காறை எடுத்தார்கள். அப்புறமும் வற்றாத சதையை மட்டும் வெட்டினார்கள்.

அடுத்த வாரப் பக்கத்தில் இதைச் சேர்க்கும்போது ஒன்றைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்: ஈறு வளர்கிறதே என்று யாரும் தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்பும், பொருத்திய சிறுநீரகம் பழுதாகும். மருந்தை மாற்ற வேண்டியவர் அதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான்.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியை